சண்டைக் கம்பளத்தை யாரும் புகழ வேண்டாம்

எங்கள் அருங்காட்சியகத்தில் பொருட்களைவிட ஆணிகள் அதிகம். ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் நான் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கும். ‘குதிரைப் பை. ஆட்டு ரோமம். மஞ்சிட்டி வேர்ச் சாயம்’ என்று சீட்டு சொல்லும். நிமிர்ந்து பார்த்தால் வெறும் ஆணி. அந்தக் குதிரைப் பை இப்போது போலந்தில் ஒரு பல் மருத்துவர் வீட்டில் இருக்கிறது. பக்கத்து ஆணியில் தொங்கிய உப்புப் பை பத்துமி கடற்கரைக்குப் போய்விட்டது. ரோமம் சீவும் சீப்பு எங்கே போனது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் கூட்டம் அதிகம், யார் கையில் போனது என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

எதுவும் திருடு போகவில்லை. எல்லாவற்றையும் தோர்க்வா மாமாவே கழற்றிக் கொடுத்தார்.

தோர்க்வா மாமா என் அம்மாவின் அண்ணன். காக்லோவானி ஊர் அருங்காட்சியகம் என்பது அவர் வீட்டின் கீழ்த்தளம்தான். முன்பு குளிர்காலத்தில் செம்மறிகளை அடைத்த இடம். மழை பெய்தால் இன்னும் அந்த வாசனை எழும்பி வந்து நம்முடன் நிற்கும். ஊர்க்காரர்கள் தங்கள் பரணில் கிடந்த கம்பளம், பை, தறி, தக்ளி எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து சேர்த்து, மாமாவைத் தலைவராக்கினார்கள். அவருக்குக் கம்பளத்தைப் பற்றி அதிகம் தெரியாது. மலையில் ஆடு மேய்த்தவர். ஆனால் வருகிறவர்களை வரவேற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊர் முடிவு செய்தது. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

எங்கள் மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒரு பொருளைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அந்தப் பொருள் அவருடையது. இப்போதெல்லாம் இதைப் பலரும் சாமர்த்தியமாகச் சமாளித்துக்கொள்கிறார்கள். விருந்தாளி வருமுன் வீட்டுக்காரர் நல்ல சாமான்களை உள்ளறையில் தள்ளிவிடுவார். விருந்தாளியும் சுவரைப் பார்க்காமல் தட்டையே பார்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். ஆனால் அருங்காட்சியகம் என்பது நல்ல சாமான்களையெல்லாம் கண்ணில் படும்படி மாட்டி வைக்கிற இடம். வருகிறவர்களுக்குப் புகழ்வதைத் தவிர வேறு வேலை கிடையாது.

நான் அங்கே பொருள் காப்பாளராகச் சேர்ந்தது போன இளவேனிலில். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் வேன் ஏறித் தெலாவி நகரத்துக்குப் போய் அருங்காட்சியகப் பராமரிப்பு வகுப்பில் உட்காருவேன். பொருளை எப்படித் தூசி தட்டுவது, வெயில் படாமல் எப்படி வைப்பது, பூச்சியிலிருந்து எப்படிக் காப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். தலைவரிடமிருந்து எப்படிக் காப்பது என்று பாடத்தில் இல்லை. நான் கேட்டிருக்கலாம். வகுப்பில் சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை.

ஒருநாள் மாமாவிடமே நேராகச் சொல்லிப் பார்த்தேன்.

“மாமா, இது வீடு இல்ல. பொது இடம். இங்க இருக்கறதெல்லாம் ஊர்ச் சொத்து.”

மாமா வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “கூரை இருக்கா?” என்றார்.

“இருக்கு. ஒழுகுது, ஆனா இருக்கு.”

“ரொட்டி இருக்கா?”

கதவோரம் எத்தினோ அத்தை எப்போதும் ஒரு தட்டில் ரொட்டி வைத்து துணி மூடி வைத்திருப்பாள். அத்தை மாமாவின் மனைவி. “இருக்கு. அதை நாம வைக்காம இருந்தோம்னா…”

“நான் இருக்கேனா?”

“இருக்கீங்க.”

“அப்ப வீடுதான். கூரை, ரொட்டி, ஒரு ஆள். வேற என்ன வேணும் வீட்டுக்கு? மலைமேல நாலு குச்சியில ஒரு கம்பளியைப் போத்தி உக்காந்திருப்பேன். அதுவும் வீடுதான். பக்கத்துக் கூடாரத்து இயோத்தோ வந்து என் கெட்டிலைப் பாத்து, ‘நல்லா கொதிக்குதே’ன்னான். குடுத்தேனா இல்லியா?”

“குடுத்தீங்க.”

“அந்த வருசம் கோடை பூரா டீ இல்லாம கெடந்தேன்.”

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. “டீ இல்லாம எங்க கெடந்தீங்க. தினம் இயோத்தோ கூடாரத்துல போய் குடிச்சிட்டுக் கெடந்தீங்க. அவன்தான் பாவம், கெட்டிலை நாம ஏன் பாத்தோம்னு அழுதான்.”

மாமா பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உன் வகுப்புல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க, மக்வா.”

அது உண்மைதான்.

பை போனதும் சீப்பு போனதும் எனக்கு வருத்தம். ஆனால் என் பயமெல்லாம் சண்டைக் கம்பளத்தைப் பற்றித்தான். எங்கள் அருங்காட்சியகத்தில் உண்மையிலேயே விலைமதிப்பில்லாத பொருள் அது ஒன்றுதான். எதிர்ச் சுவர் முழுவதையும் அடைத்துத் தொங்கும். மாமாவின் முன்னோர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மூன்று ஓரகத்திகள் ஒரே தறியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தது. நெய்த காலம் முழுக்க மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. அதனால் கம்பளத்தின் மூன்று பங்கும் மூன்று திசையில் போகிறது. இடதுபக்கத்துக்காரி போட்ட ஆட்டுக்கொம்பு மேல்நோக்கிப் பார்க்கும். வலதுபக்கத்துக்காரி வேண்டுமென்றே அதையே கீழ்நோக்கிப் போட்டிருக்கிறாள். நடுவில் இருந்தவள் ஆட்டையே விட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் முதுகைக் காட்டும் பறவைகளாகப் போட்டு நிரப்பியிருக்கிறாள்.

கோடை முடிவில் தலைநகர் திபிலீசியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அவருக்குத் திருப்தியானால் எங்கள் அருங்காட்சியகத்துக்கு அரசு அங்கீகாரம், ஒழுகாத கூரை, எனக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மூடிவிட்டு, பொருட்களைத் தெலாவிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நான் திபிலீசியில் சித்தப்பா மகள் கடையில் நின்று கைபேசி உறை விற்க வேண்டும். அவள் ஏற்கெனவே எனக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டாளாம். கம்பளம் சுவரில் இருந்தால் அங்கீகாரம் நிச்சயம். அது போய்விட்டால் எங்களிடம் மிச்சம் ஆணிகள்தான்.

அதனால் ஒரு வழி யோசித்தேன். சரியான வழியா என்று இப்போதும் தெரியவில்லை. வெளி வாசல் கேட்டிலேயே வருகிறவர்களை மறித்து, மெல்லிய குரலில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: உள்ளே எதைப் பார்த்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

கண்ணேறு பட்டுவிடும் என்ற பயம் போலிருக்கிறது என்று பலரும் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. ஒரு ஜெர்மன் தம்பதி மிகவும் நாணயமாக நடந்துகொண்டார்கள். கணவர் சண்டைக் கம்பளத்தின் முன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கண் கலங்கியது போலக்கூட இருந்தது. கடைசியில் மாமாவின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த எங்கள் மொழியில், “மோசமில்லை” என்றார். மனைவி அவர் முழங்கையை இடித்ததும், “கொஞ்சம் மோசம்” என்று திருத்திக்கொண்டார்.

மாமாவின் முகம் வாடியது. அவர் விடவில்லை. “இந்தச் சிவப்பைப் பாருங்க. மஞ்சிட்டி வேரு. தொட்டுப் பாருங்க. எப்படி இருக்கு?”

“சாதாரணம்,” என்றார் ஜெர்மன்காரர், எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு.

இப்படியே வரிசையாக வந்தவர்கள் எல்லாரும் சாதாரணம், பரவாயில்லை, பார்த்த மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் மட்டும் எல்லாம் அசிங்கம் என்று கத்தியது. அவர்களுக்கு என் வேண்டுகோள் பிடித்துப்போய்விட்டது. ஆணிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மாமா மட்டும் சாப்பாட்டில் பாதியை ஒதுக்க ஆரம்பித்தார்.

“எங்கயோ தப்பு நடந்திருக்கு, எத்தினோ,” என்றார் ஒரு மத்தியானம். “முன்ன வந்தவங்க கண்ணு வேற. இப்ப வர்றவங்க எல்லாரும் மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி வர்றாங்க. ஒரு மாசமா ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுக்கல. கை அரிக்குது.”

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அவளுடைய வெண்கலத் தட்டு போன நாளிலிருந்து அவள் என் பக்கம்.

அதிகாரி வரும் வாரம், காலி ஆணிகளை நிரப்ப ஊரில் கேட்டேன். பக்கத்து வீட்டுத் தாரோ பெரியம்மா ஒரு பெரிய சுருட்டலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிரித்தால், ஓடைக்கரையில் மான்கள் நிற்கும் இயந்திரக் கம்பளம். எங்கள் நாட்டில் ஒரு காலத்தில் எல்லாருடைய கட்டிலுக்கு மேலும் தொங்கியது.

“பெரியம்மா, இது கையில நெய்தது இல்லையே.”

“நான் கையாலதாண்டி சுமந்துட்டு வந்தேன்.”

“இங்க பாரம்பரியக் கைவேலை மட்டும்தான்…”

“அந்த மான் முன்னாடிதான் என் நாலு புள்ளையும் பொறந்துச்சு. இதைவிட என்ன பாரம்பரியம் வேணும் உனக்கு? ஆணி சும்மாத்தானே இருக்கு.”

ஆணி சும்மாதான் இருந்தது. மானை மாட்டினேன்.

அதிகாரியின் பெயர் இவ்லிதா. தானே சின்ன வெள்ளைக் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். குட்டையான முடி, தடித்த கண்ணாடி, ‘ம்’ என்பதைத் தவிர அதிகம் பேசாத வாய். அவரை மட்டும் நான் கேட்டில் மறிக்கவில்லை. மறித்து என்ன சொல்வது? எங்கள் தலைவர் பொருட்களை எடுத்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார், தயவுசெய்து புகழாதீர்கள் என்று அரசு அதிகாரியிடம் சொன்னால், அங்கேயே திரும்பிப் போய்விடுவார். அதிகாரிகள் பொதுவாக எதையும் புகழ்வதில்லை என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டேன். ‘ம்’ என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு குளிர்ந்தது.

பசியோடு இருக்கும் விருந்தாளிக்கு மாமா எதையும் காட்ட மாட்டார். அதனால் முதலில் மாடியில் சாப்பாடு. தயிர்க்கட்டி வைத்துச் சுட்ட கோத்தோரி ரொட்டி, ஆட்டுத் தோலில் ஊறிய பாலாடைக்கட்டி, கொத்துமல்லி போட்ட ஆட்டுக்கறி. இவ்லிதா, வண்டி ஓட்ட வேண்டும் என்று திராட்சை மதுவைத் தொடவில்லை. பச்சை நிற லெமனேடு கேட்டார். மாமா அதையும் பொறுத்துக்கொண்டு, மதுக் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோப்பையை உயர்த்தி உயர்த்தி வாழ்த்துகளைத் தொடங்கினார். விருந்தாளிக்கு, விருந்தாளியின் பெற்றோருக்கு, போய்ச் சேர்ந்தவர்களுக்கு, இனி வரப்போகிறவர்களுக்கு, ஆட்டுக்கு.

“ஆட்டுக்குமா?” என்றார் இவ்லிதா.

“ஆடு இல்லேன்னா ரோமம் ஏது, ரோமம் இல்லேன்னா கம்பளம் ஏது, கம்பளம் இல்லேன்னா நீங்க ஏன் இங்க வரப்போறீங்க? ஆட்டாலதான் நாம இப்ப ஒண்ணா உக்காந்திருக்கோம்.”

“ம்,” என்று லெமனேடை உயர்த்தினார் அவர்.

மாமா கம்பளத்தைப் பற்றி மேலும் பேச வாயெடுத்தபோது மேசைக்கு அடியில் அவர் காலை உதைத்தேன். “ஐயோ” என்றார் இவ்லிதா. மன்னிப்புக் கேட்டேன். பூனை என்று சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

பிறகு கீழே இறங்கினோம். தறியைப் பார்த்தார், ம். தக்ளியைப் பார்த்தார், ம். தாரோ பெரியம்மாவின் மான் முன்னால் நின்று, “எங்க வீட்லயும் இதே மான் இருந்துச்சு,” என்றார். அதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற தாரோ பெரியம்மா, “அவ்வளவுதானா?” என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

சண்டைக் கம்பளத்துக்கு வந்தார். இடமிருந்து வலம் பார்த்தார். வலமிருந்து இடம் பார்த்தார்.

“இதை நெய்தவங்க பேசிக்கவே இல்ல போலிருக்கே,” என்றார்.

யாரும் அவருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கவில்லை. மாமாவின் மீசை துடித்தது.

இவ்லிதா கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் சிரித்தார். சிரித்தபோது வேறு ஆளாக இருந்தார். “எத்தனையோ கம்பளம் பாத்திருக்கேன். ஒரு சண்டையை இவ்வளவு அழகா நெய்து நான் பாத்ததே இல்ல.”

ஒரு மாதத்துக்கும் மேலாக மழை பார்க்காத நிலம் மழையைக் குடிப்பது போல மாமா அதைக் குடித்தார். “உங்களுக்குத்தான்,” என்றார்.

“என்னது?”

மாமா அதற்குள் முக்காலியில் ஏறி ஆணிகளிலிருந்து கழற்ற ஆரம்பித்திருந்தார்.

“மாமா,” என்றேன். “மாமா, வேணாம்.”

“நீ அந்த ஓரத்தைப் பிடி, மக்வா. தரையில படுது பாரு.”

என்ன காரணத்தாலோ போய்ப் பிடித்தேன். தரையில் படாமல் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்றே.

இவ்லிதாவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்தது. “ஐயா, நான் அரசாங்க ஊழியர். நான் எதையும் வாங்கக் கூடாது.”

“நீங்க வாங்க வேணாம். நான் குடுக்கறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“இல்லம்மா. வாங்கறது உங்க வேலை. குடுக்கறது என் வேலை. என் வேலையை நான் செய்யறேன்.”

எத்தினோ அத்தை இவ்லிதாவின் காதருகே போனாள். மெதுவாகப் பேசுவதாக அவள் நினைத்துக்கொள்வாள். “மறுத்துடாதம்மா. போன வருசம் ஒரு பிரெஞ்சுக்காரன் இவர் குடுத்த தொப்பியைத் தபால்ல திருப்பி அனுப்பிட்டான். பொட்டலத்தைப் பிரிக்காமலே கொல்லையில குழி வெட்டிப் பொதச்சாரு. செத்தவங்களுக்கு ஊத்தற மாதிரி மேல ஒரு கிளாஸ் ஒயினும் ஊத்தினாரு. தொப்பிக்கு இல்ல, அந்த ஆளுக்கு.”

அதற்குப் பிறகு இவ்லிதா மறுக்கவில்லை. கம்பளத்தைச் சுருட்டி, காரின் பின்கதவைத் திறந்து நுழைத்தோம். அது பின் சீட்டைத் தாண்டி, முன் சீட்டுகளுக்கு நடுவில் வந்து, கியர்க் கம்பியின் மேல் தலையை வைத்துக்கொண்டது. அத்தை வழிக்கு என்று ஒரு முழு ரொட்டியைத் துணியில் கட்டி உள்ளே வைத்தாள். மாமா கார்க் கதவைச் சாத்தி, கூரையைத் தட்டிக் கொடுத்தார், குதிரையைத் தட்டுவது போல.

“மக்வா, இந்த அம்மாவுக்குப் பாலம் வரைக்கும் வழி காட்டிட்டு வா,” என்றார்.

பாலத்துக்கு ஒரே ஒரு சாலைதான். இருந்தாலும் ஏறிக்கொண்டேன்.

கம்பளம் எங்களுக்கு நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. இவ்லிதா முதல் கியரிலேயே ஓட்டினார், மற்ற கியருக்கு இடம் இல்லை. பாலத்தருகே வால்நட் மரத்தடியில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு ஜாடி தேன் வாங்கினதுக்கே வேலை போச்சு,” என்றார். “நான் ஒரு சுவரையே வாங்கிட்டு வந்திருக்கேன்.”

“என் வேலையும் போச்சு,” என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

“இதை நீயே தூக்கிட்டுப் போயிடேன்.”

“முடியாது மேடம். அது நீங்க திருப்பி அனுப்பினதா ஆயிடும். கொல்லையில குழி வெட்டுவாரு.”

“கம்பளத்துக்கா?”

“உங்களுக்கு.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வரும்போது எதையாவது எண்ணிப் பார்ப்பது வழக்கம். காரில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். மேலே கூரை. மடியில் ரொட்டி. பக்கத்தில் ஒரு ஆள். மறுபடியும் பார்த்தேன். நான் எதையோ விட்டுவிட்டேனோ என்று மூன்றாவது தடவையும் பார்த்தேன்.

“மேடம்,” என்றேன், “இது உங்க வீடு.”

“எது?”

“இந்தக் கார். கூரை இருக்கு, ரொட்டி இருக்கு, நீங்க இருக்கீங்க. மாமா கணக்குப்படி இது வீடு. நான் உங்க விருந்தாளி. ஆனா ரொட்டியை நீங்க குடுக்கணும். நானா எடுக்கக் கூடாது.”

அவர் சற்று நேரம் என்னையும் கம்பளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, திபிலீசிக்காரர் என்றாலும், விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். என் மடியிலிருந்த துணியை அவிழ்த்து, ரொட்டியை ஒரு பெரிய துண்டாகப் பிய்த்து நீட்டினார். “சாப்பிடும்மா. வெறும் வயித்தோட போகக் கூடாது என் வீட்லருந்து.”

சாப்பிட்டேன். விழுங்க முடியவில்லை, ஆனால் சாப்பிட்டேன். பிறகு கம்பளத்தைப் பார்த்து, “மோசமில்லை,” என்றேன்.

“இதுவா பாராட்டு?”

“மன்னிக்கணும். இந்தக் கோடை பூரா இதையே சொல்லச் சொல்லிப் பழகிட்டேன். நல்லா… பரவாயில்லாம இருக்கு.”

“இதுக்கெல்லாம் நான் குடுக்க மாட்டேன்,” என்றார் இவ்லிதா. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “எனக்கும் மரியாதை இருக்கு. மனசோட சொல்லு.”

நான் கம்பளத்தைப் பார்த்தேன். சுருட்டலின் ஓரத்தில் அடிப்பக்கம் தெரிந்தது. தினமும் தூசி தட்டும்போது நான் மட்டும் பார்க்கிற இடம்.

“இங்க பாருங்க,” என்றேன். “நடுவுல இருந்தவளுக்கு நீல நூல் தீர்ந்து போயிருக்கு. இந்த இடத்துல மட்டும், ஒரு விரல் நீளத்துக்கு, இடதுபக்கத்துக்காரியோட நீலம் இருக்கு. சாயம் வேற, பாத்தாலே தெரியும். அப்படின்னா அவ கேட்டிருக்கணும். இல்லேன்னா இவ கேக்காமலே எடுத்து நீட்டியிருக்கணும். பேசிக்கல, ஆனா நூலைக் குடுத்திருக்கா. இது இருக்கறது மாமாவுக்குக்கூடத் தெரியாது. இந்தக் கம்பளத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த ஒரு விரல்தான். இதைவிட அழகா வேற எதையும் நான் பாத்ததில்ல.”

இவ்லிதா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தார். அதிகாரியாகப் பார்த்தாரா வேறு மாதிரிப் பார்த்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.

“உனக்குத்தான்,” என்றார்.

என்னையும் கம்பளத்தையும் திருப்பிக் கொண்டுவந்து ஊரின் ஓரத்தில் இறக்கிவிட்டார். போகும்முன் கேட்டார்: “இப்ப இந்தக் கம்பளம் யாரோடது?”

“என்னோடது மேடம்.”

“அருங்காட்சியகத்துக்கு நீ இரவல் குடுப்பியா?”

“குடுப்பேன்.”

“அப்ப அப்படியே எழுதறேன். அந்த மானை மட்டும் எடுத்துடு.” வண்டியைக் கிளப்பிவிட்டு மறுபடி தலையை நீட்டினார். “இல்ல, இருக்கட்டும்.”

கம்பளத்தைத் தோளில் போட்டு, பாதி சுமந்து பாதி இழுத்து, மாமா வீட்டு வாசலுக்கு வந்தேன். மாமா வெறும் சுவருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கொடுத்தவரின் திருப்தி முகத்தில் இருந்தது. ஆனால் சுவரைப் பார்த்த கண்ணில் அது இல்லை. என்னையும் கம்பளத்தையும் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“திருப்பி அனுப்பிட்டாளா?” குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. அத்தை ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்து ஒளித்து வைத்தாள்.

“இல்ல மாமா. அவங்க வாங்கிக்கிட்டாங்க. நான் அவங்க கார்ல விருந்தாளியா இருந்தேன். கம்பளத்தைப் பாராட்டினேன். எனக்குக் குடுத்துட்டாங்க.”

மாமா மறுபடி உட்கார்ந்தார். நீதிபதி மாதிரி விசாரித்தார்.

“காருக்குக் கூரை இருந்துச்சா?”

“இருந்துச்சு. நீங்கதான் தட்டினீங்க.”

“ரொட்டியை யார் பிச்சது?”

“அவங்க.”

“சின்னத் துண்டா?”

“பெருசு.”

“நீ கம்பளத்தைக் கேட்டியா?”

“கேக்கல. அழகா இருக்குன்னு மட்டும் சொன்னேன். முதல் தடவை சரியா சொல்லலன்னு குடுக்க மாட்டேன்னாங்க. ரெண்டாவது தடவை சொன்னதும் குடுத்தாங்க.”

மாமா நெடுநேரம் மீசையை நீவினார். “நல்ல வீட்டுப் பொண்ணு,” என்றார் கடைசியில். “லெமனேடு குடிச்சதை வச்சுத் தப்பா நெனச்சுட்டேன்.”

அன்று முதல் கம்பளம் என்னுடையது. மாமா அதைத் தொடுவதில்லை. வருகிறவர்கள் புகழ்ந்தால், “எங்கிட்ட சொல்லி என்ன, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க,” என்று நகர்ந்துவிடுவார். நான் கேட்டில் நிற்பதையும் நிறுத்திவிட்டேன். கம்பளத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். எதை நினைத்தாலும் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று எனக்கே தெரியும். சரிபார்க்கவில்லை.

அங்கீகாரப் பலகை வந்து மாட்டிய வாரம், குத்தாயிசியிலிருந்து ஒரு பருத்த மனிதர் குடும்பத்தோடு வந்தார். வந்தவர் நேராகச் சண்டைக் கம்பளத்தின் முன் நின்று, கையைத் தலையில் வைத்துக்கொண்டு, “கடவுளே, என்ன அழகு, என்ன அழகு,” என்றார். மாமா வழக்கம்போல என்னைக் கைகாட்டினார். அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர் முட்டி நின்றது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாமா எடுத்துக் கொடுப்பது முட்டாள்தனம் இல்லை, தும்மல் மாதிரி. மூக்கு வரை வந்துவிட்டது. என் வாய் தானாகத் திறந்தது. “உங்களுக்கு…” என்று வந்துவிட்டது.

மாமா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், கதவோரத்து ரொட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் பார்ப்பது அதுதான் எனக்கு முதல் தடவை.

“அதுல பூச்சி,” என்றார் சத்தமாக.

பிறந்ததிலிருந்து அந்தக் கம்பளத்தைப் பற்றி ஒரு குறை சொல்லாத மனிதர். சொல்லிவிட்டு, பல்வலி வந்தவர் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. “உள்ள பூரா பூச்சி அரிச்சது. கிட்டப் போகாதீங்க, உங்க கோட்டுக்குத் தாவிடும். நெய்ததும் சரியில்ல. பாருங்க, ஒரு கொம்பு மேல, ஒரு கொம்பு கீழ. என்ன நெசவு இது.”

பருத்த மனிதர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். மாமாவின் நெற்றியில் வியர்த்திருந்தது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் அவரால் முடியவில்லை. தன் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

“இந்தத் தொப்பியைப் பத்தி ஏதாவது சொல்லுங்க,” என்றார். “தயவு செஞ்சு.”